வரப்புக்குள் வரப்பு: நிலத்தை எதுவரை பிரிக்கலாம்?

தமிழ்நாட்டுப் பட்டா ஒன்றில் உள்ள புல எண்ணைப் பார்த்தாலே அந்த நிலம் எத்தனை முறை பிரிந்திருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். 145 என்று தொடங்கிய சர்வே எண் 145/2 ஆகி, 145/2ஏ ஆகி, 145/2ஏ1பி என்று வந்து நிற்கும். கூடிய ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னால் ஒரு பாகப்பிரிவினையோ ஒரு கிரயமோ இருக்கிறது. அடுத்த தலைமுறை பாகம் கேட்கும்போது இன்னோர் எழுத்து சேரும். இப்படிப் பிரிந்துகொண்டே போவதற்குச் சட்டம் எல்லை வகுக்க வேண்டுமா, வகுத்தால் அந்த எல்லை நிற்குமா என்ற கேள்விக்கு இந்தியாவில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடுகிறார்கள்.

கேள்வியின் கனத்தை வேளாண் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. 1970-71இல் இந்தியாவில் ஒரு சாகுபடிக் கைப்பற்றின் சராசரிப் பரப்பு 2.28 ஹெக்டேர். 2015-16இல் அது 1.08 ஹெக்டேராகச் சுருங்கியது. தமிழ்நாட்டில் 0.75 ஹெக்டேர், ஏறத்தாழ ஓர் ஏக்கர் 85 சென்ட். இந்தக் கணக்கு ஒரு குடும்பம் பயிர்செய்யும் மொத்தப் பரப்பைத்தான் சொல்கிறது. அந்தப் பரப்பு எத்தனை இடங்களில் எத்தனை துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது என்பது அதற்குள் தெரியாது.

இந்த வேறுபாட்டை 1928இல் அறிக்கை தந்த அரச வேளாண் ஆணையம் தெளிவாக வகுத்தது. நிலம் வாரிசுகளிடையே சிறிதாவது ஒன்று. ஒருவரின் நிலமே பல இடங்களில் சிதறிக் கிடப்பது இன்னொன்று. இரண்டும் உடைமையாளர் அளவில் நேரலாம், உழுபவர் அளவிலும் நேரலாம். ஆக நான்கு சிக்கல்கள். பின்னால் வந்த சட்டங்களில் பல இந்த நான்கையும் ஒன்றாகவே கருதி மருந்து எழுதின. அவை தோற்றதற்கு அது ஒரு காரணம் என்பது என் கருத்து.

பங்கு உண்டு, வரப்பு இல்லை

நிலத்தில் பாகம் என்றால் தனி வரப்பு போட்ட துண்டு என்று இன்று நினைக்கிறோம். பழைய ஏற்பாடுகள் பலவற்றில் அப்படி இல்லை. தொண்டை மண்டலத்து மிராசு உரிமை பற்றி ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் 1818இல் வெளியிட்ட ஆய்வு, கிராம நிலம் பங்குகளாக எண்ணப்பட்டதையும் சில ஊர்களில் அது காலத்துக்குக் காலம் மறுபடி பகிரப்பட்டதையும் பதிவு செய்கிறது. இந்த ஏற்பாட்டுக்குக் கரையீடு என்று பெயர். மறுபகிர்வு நடக்கும் ஊர் பசுங்கரை. நிலையாகப் பிரித்துவிட்ட ஊர் அறுதிக்கரை. பசுங்கரை ஊரில் ஒருவருக்கு இத்தனை பங்கு என்பது உறுதி. அந்தப் பங்கு எந்த வயலில் விழும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். நல்ல வயலும் கெட்ட வயலும் எல்லாருக்கும் முறைவைத்து வரும்.

இலங்கையின் சிங்களக் கிராமங்களில் இருந்த தட்டுமாறு முறையும் இதற்கு நெருங்கியது. சகோதரர்கள் வயலைப் பிரிக்காமல் ஆளுக்கொரு போகமோ ஆண்டோ மாறி மாறிப் பயிர் செய்வார்கள். தலைமுறை கூடும்போது ஒருவருக்கு முறை வருவதற்குள் பல ஆண்டுகள் கழிந்துவிடும் என்பது அதன் குறை.

ஆங்கிலேயர் கொண்டுவந்த இரயத்துவாரி முறை இந்த ஏற்பாட்டின் அடித்தளத்தை மாற்றியது. ஒவ்வொரு வயலுக்கும் தனி எண், தனித் தீர்வை, தனிப் பெயர் என்றானது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய விரிவான நில அளவை, பங்கைப் படத்தில் கோடாக வரையும் வசதியைத் தந்தது. கோடு வரைய முடிந்தபின் வரைந்துதர வேண்டும் என்ற கோரிக்கையும் வந்தது. ஆகவே நிலம் துண்டாவதற்கு இந்து வாரிசு முறை மட்டுமே காரணம் என்று அன்றைய ஆங்கிலேய அதிகாரிகள் எழுதியதை அப்படியே ஏற்பதற்கில்லை. வாரிசு முறை பழையது. பங்கு அளவையிலும் பதிவேட்டிலும் துண்டாக மாறியதுதான் புதியது.

தடைச்சட்டம் கேட்டவர்கள்

சட்டம் போட்டு நிறுத்தவேண்டும் என்ற கருத்து பம்பாய் மாகாணத்தில் வலுப்பெற்றது. அங்கு வேளாண் துறை இயக்குநராக இருந்த கீட்டிங் 1912இல் வெளியிட்ட நூலில் தக்காணத்து நிலங்கள் சிதறுவதைக் கவலையோடு பதிவு செய்தார். பிரியாத கைப்பற்றுகளை உண்டாக்கச் சட்டம் வேண்டும் என்றும் வாதாடினார். பின்னாளில் அதே பதவிக்கு வந்த ஹெரால்டு மான், பூனாவுக்கு அருகே பிம்ப்ளே சௌதாகர் என்ற ஊரை வரப்பு வரப்பாக ஆராய்ந்து 1917இல் வெளியிட்ட நூல் இந்த விவாதத்தின் ஆதார ஏடாகிவிட்டது. அந்த ஊரில் 156 நிலஉடைமையாளர்களிடம் 729 துண்டுகள் இருந்தன. அவற்றில் 463 துண்டுகள் ஓர் ஏக்கருக்கும் குறைவு; 112 துண்டுகள் கால் ஏக்கருக்கும் குறைவு. 1771இல் 40 ஏக்கராக இருந்த சராசரிக் கைப்பற்று 1914-15இல் 7 ஏக்கராக இருந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கில்பர்ட் ஸ்லேட்டர் இருவேல்பட்டு, கங்கைகொண்டான், வடமலைபுரம் முதலிய ஊர்களை மாணவர்களைக் கொண்டு ஆராயச் செய்தார். தென்னாட்டு நிலவரம் பற்றிய நம் பழைய சான்றுகளில் முக்கியமானவை அவை.

1927இல் பம்பாய் சட்டமன்றத்துக்கு வந்த சிறுகைப்பற்று மசோதா கடும் எதிர்ப்பில் நின்றுபோனது. நிலமற்றவர்களை உண்டாக்கும் சட்டம் இது என்பதே எதிர்ப்பின் சாரம். இருபது ஆண்டு கழித்து, 1947இல், துண்டாக்கல் தடுப்பு மற்றும் ஒருங்கிணைப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் அமைப்பு எளியது. பகுதிக்கேற்ப ஒரு குறைந்தபட்ச அளவு அறிவிக்கப்படும். அதற்குக் கீழே இருப்பது துண்டு. துண்டை அடுத்த வயல்காரருக்குத்தான் விற்கலாம். புதிதாகத் துண்டு உண்டாகும்படி விற்கவோ பாகம் பிரிக்கவோ கூடாது. மீறினால் அந்த ஆவணம் செல்லாது. அபராதம் 250 ரூபாய் வரை.

இந்தச் சட்டத்தின் பிற்கால வரலாறு தடைக்கொள்கைக்கு எதிரான பெரிய சான்று. நகரங்கள் வளர்ந்தபோது ஒரு குண்டா, இரண்டு குண்டா என்று வீட்டுமனைகள் விற்கப்பட்டன. ஒரு குண்டா என்பது இரண்டரை சென்ட். சட்டப்படி செல்லாத அந்தப் பத்திரங்களை நம்பி ஆயிரக்கணக்கானோர் வீடு கட்டினார்கள். 2017இல் மகாராஷ்டிர அரசு சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை கட்டினால் முறைப்படுத்தலாம் என்றது. பின்னர் அது 5 சதவீதமானது. 2021இல் இத்தகைய பத்திரங்களைப் பதியக்கூடாது என்று பதிவுத்துறை அனுப்பிய சுற்றறிக்கையை அடுத்த ஆண்டே உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு ரத்து செய்தது. 2023இல் குறைந்தபட்ச அளவு நீர்ப்பாசன நிலத்துக்கு 10 குண்டா, மானாவாரிக்கு 20 குண்டா எனத் தாழ்த்தப்பட்டது. நம் கணக்கில் 25 சென்ட், 50 சென்ட். 2025இல், நகர எல்லைகளை ஒட்டி ஏற்கெனவே நடந்துவிட்ட ஒரு குண்டாப் பிரிவினைகளை ஏற்பதாக அரசு அறிவித்தது. மான் ஆராய்ந்த பிம்ப்ளே சௌதாகர் இன்று பிம்ப்ரி சிஞ்ச்வட் மாநகராட்சிக்குள் அடுக்குமாடிகள் நிறைந்த பகுதி.

மற்ற இடங்களின் அனுபவமும் இதிலிருந்து அதிகம் மாறவில்லை. கர்நாடகம் 1966இல் இயற்றிய இதேபோன்ற சட்டத்தைப் பின்னாளில் விலக்கிக்கொண்டது. ருவாண்டா 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு ஹெக்டேருக்குக் கீழே வேளாண் நிலத்தைப் பிரிக்கத் தடை விதித்தது. அங்கே பெரும்பாலான குடும்பங்களின் மொத்த நிலமே அந்த அளவை எட்டாதது. தடை எழுதப்பட்ட நாளிலேயே பெரும்பான்மையோர் அதற்கு வெளியே இருந்தார்கள்.

ஒன்றை மட்டும் தடை கேட்டவர்களின் தரப்புக்காகச் சொல்லவேண்டும். தடை இருந்திராவிட்டால் நிலவரம் இன்னும் மோசமாகியிருக்கும் என்ற அவர்களின் வாதத்தை எளிதில் மறுக்கமுடியாது. தடை எத்தனை பிரிவினைகளைத் தொடங்குமுன்பே நிறுத்தியது என்பதைப் பதிவேட்டிலிருந்து எடுக்க வழியில்லை. நமக்குக் கிடைப்பது மீறியவர்களின் கணக்கு மட்டுமே.

ஒரே வாரிசு

தடையின் இன்னொரு வடிவம், நிலத்தைத் தொடாமல் வாரிசு எண்ணிக்கையைக் குறைப்பது. வட ஜெர்மனியில் பண்ணை ஒருவருக்கே போகும். மற்ற பிள்ளைகளுக்குத் தொகை தரப்படும். 1947இல் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் வந்த பண்ணைச் சட்டம் இதை எழுத்தில் உறுதிப்படுத்தியது. தென்மேற்கு ஜெர்மனியின் பல பகுதிகளில் எல்லாருக்கும் சம பாகம். பண்ணை உருவத்தில் இன்றும் அந்த வேறுபாடு தெரிகிறது. வடக்கே கட்டப்பட்ட ஈட்டுத்தொகை சந்தை விலையைவிட மிகக் குறைவு என்பதுதான் அந்த ஏற்பாட்டின் ரகசியம். மற்ற பிள்ளைகளின் இழப்பில்தான் பண்ணை முழுதாக நின்றது.

சட்டம் எதிர்த்திசையிலும் வேலைசெய்யும் என்பதற்கு அயர்லாந்து சாட்சி. 1704இல் வந்த சட்டம், கத்தோலிக்கர் நிலம் எல்லா மகன்களுக்கும் பிரியவேண்டும் என்றது. மூத்தவன் அரசுத் திருச்சபைக்கு மாறினால் முழுவதும் அவனுக்கு. பிரிவினையே ஒரு சமூகத்தைச் சிறுமைப்படுத்தும் கருவியானது.

தமிழர்களுக்கு நேரடித் தொடர்புள்ள உதாரணம் இலங்கையின் 1935ஆம் ஆண்டு நிலவிருத்திக் கட்டளைச் சட்டம். அரசு குடியேற்றத் திட்டங்களில் கொடுக்கப்பட்ட காணிகளைக் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே பிரிக்கமுடியாது; அடுத்து உரிமை பெறும் பின்னுரித்தாளி ஒருவரே. பெயர் குறிக்காமல் இறந்தால் அந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி ஆண்பிள்ளைகளுக்கு முன்னுரிமை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இந்த அனுமதிப்பத்திரக் காணிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. 2022இல் வந்த திருத்தம் ஆண் முன்னுரிமையை நீக்கியது. எண்பது ஆண்டுகளுக்கு மேல், நிலம் துண்டாகக்கூடாது என்ற பெயரில் மகள்கள் ஒதுக்கப்பட்டார்கள்.

இந்த இடத்தில் விவாதம் அளவையும் விளைச்சலையும் விட்டு நீதிக்குள் நுழைகிறது. பெண்களுக்கு நிலத்தில் பங்கு தருவதற்கு எதிராக இந்தியாவில் எழுந்த வாதங்களில் நிலம் சிதறும் என்பதும் ஒன்று என்று பொருளியலாளர் பீனா அகர்வால் 1994இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டுகிறார். நான்கு மகன்கள் பிரித்துக்கொண்டால் வாராத கவலை, ஒரு மகள் கேட்டால் வந்துவிடுகிறது. தமிழ்நாடு 1989இல் மகளைக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்காளியாக்கியது. 2005இல் நாடு முழுவதும் அது சட்டமானது. அதே 2005 திருத்தம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 4(2)ஆம் பிரிவையும் நீக்கியது. வேளாண் நிலம் துண்டாவதைத் தடுக்கும் சட்டங்களை இந்து வாரிசுரிமைச் சட்டம் பாதிக்காது என்று சொல்லி அவற்றுக்கு அரணாக நின்ற பிரிவு அது. அரண் போனபின் மாநிலங்களின் தடைச்சட்டங்களுக்கும் மகளின் பங்குக்கும் மோதல் வந்தால் எது நிற்கும் என்பது முழுதாகத் தீராத கேள்வி.

சேர்த்துக் கொடுத்தல்

பஞ்சாபில் வேறு வழி கண்டார்கள். 1920-21இல் அரசு அதிகாரி கால்வெர்ட் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் சிதறிய வயல்களை ஊர்மக்கள் இசைவோடு மாற்றிச் சேர்க்கத் தொடங்கினார். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. 1960களின் இறுதிக்குள் பஞ்சாப், ஹரியானாவில் பணி பெரும்பாலும் முடிந்திருந்தது. சேர்த்த நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போடுவது எளிது. பசுமைப் புரட்சி அங்கே வேரூன்றியதற்கு இது ஒரு துணை.

தமிழ்நாட்டில் இத்தகைய சட்டம் வரவில்லை. அதற்குத் தக்க காரணங்கள் உண்டு. பஞ்சாபின் சமவெளி மண் பெரும்பாலும் ஒரே தரம். ஏரிப் பாசனத்தில் தலைமடைக்கும் கடைமடைக்கும் உள்ள வேறுபாட்டை ஏக்கர்க் கணக்கால் ஈடுகட்டமுடியாது. மதகடியில் கால் ஏக்கர் வைத்திருப்பவர் கடைமடையில் முக்கால் ஏக்கர் தந்தாலும் வாங்கமாட்டார். அதோடு, சேர்த்த நிலம் அடுத்த தலைமுறையில் மறுபடி பிரியும். பஞ்சாபிலும் இன்று அதுதான் நடக்கிறது.

சிறு துண்டு கெடுதலா?

தடை கேட்டவர்கள் எல்லாரும், சிறு துண்டில் விளைச்சல் குறையும் என்பதைப் பேச்சின்றி ஒப்புக்கொள்ளவேண்டிய உண்மையாகக் கருதினார்கள். 1950களின் பண்ணை மேலாண்மை ஆய்வுகள் அதை அசைத்தன. அவற்றை வைத்து 1962இல் அமர்த்தியா சென் எழுதிய கட்டுரை, சிறு பண்ணையில் ஏக்கருக்கு விளைச்சல் கூடுதல் என்பதை எடுத்துக்காட்டி நீண்ட விவாதத்தைத் தொடக்கியது. குடும்ப உழைப்பு கணக்கின்றிக் கொட்டப்படுவது முதன்மையான விளக்கம். சிதறலையும் சிலர் ஆதரித்தார்கள். இடைக்கால இங்கிலாந்தின் சிதறிய வயல்கள் ஆபத்துக்கு எதிரான காப்பீடு என்று பொருளியல் வரலாற்றாளர் மெக்ளோஸ்கி 1976இல் வாதிட்டார். ஓரிடத்தில் வெள்ளம் வந்தால் இன்னோரிடம் காப்பாற்றும். ஆற்றுப்படுகையில் ஒரு வயலும் மேட்டில் ஒரு கொல்லையும் வைத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு இது புரியாத கருத்தல்ல. கானா, ருவாண்டா பற்றி பிளரேலும் உடன் ஆய்வாளர்களும் 1992இல் வெளியிட்ட ஆய்வும் சிதறலால் விளைச்சல் கெட்டதற்குப் போதிய சான்று இல்லை என்ற முடிவுக்கு வந்தது.

ஆனால் இந்த ஆய்வுகளை வைத்து எவ்வளவு பிரித்தாலும் நட்டமில்லை என்று சொல்லவும் முடியாது. அவை உழைப்பு மலிவாகவும் எந்திரம் அரிதாகவும் இருந்த சூழலைப் பேசின. ஃபாஸ்டரும் ரோசன்ஸ்வைக்கும் 2022இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியத் தரவுகளை வைத்து, மிகச்சிறு பண்ணையும் பெரிய பண்ணையும் திறனோடு இருக்க, இடைப்பட்டவை பின்தங்குவதைக் காட்டுகிறது. நெல் அறுவடை எந்திரம் இறங்கவும் திரும்பவும் இடம் வேண்டும். நாற்பது சென்ட் வயலின் மூன்று புறமும் மற்றவர் பயிர் நின்றால் எந்திரம் வருவதற்கு அவர்கள் அறுக்கும்வரை காத்திருக்கவேண்டும். என்னைக் கேட்டால், துண்டின் அளவைவிட அதற்கு வண்டிப்பாதையும் வாய்க்காலும் இருக்கிறதா என்பதே பெரிய கேள்வி. தடைச்சட்டங்கள் எதுவும் இந்தக் கேள்வியை மையமாக வைக்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

மனைப்பிரிவும் எட்டு என்ற எண்ணும்

நகர ஓரத்தில் கேள்வியின் உருவம் வேறு. அங்கே நிலத்தைப் பிரிப்பவர் வாரிசாக இருப்பதில்லை, விற்பவர். துண்டு சிறிதாவது அங்கே தவறில்லை. சாலை, வடிகால், பூங்கா இல்லாமல் சிறிதாவதுதான் தவறு. தமிழ்நாட்டின் 1971ஆம் ஆண்டு நகர், ஊரமைப்புச் சட்டம் மனைப்பிரிவுக்கு முன் அனுமதி கேட்கிறது. 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த விதிகளின்படி எட்டு மனைக்கு மேல் போனால் மனைப்பிரிவு, அதற்குட்பட்டது உட்பிரிவு. பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை நீங்கலாக 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக நிலமாகவே ஒப்படைக்கவேண்டும். 3,000 முதல் 10,000 வரை நிலமாகவோ வழிகாட்டி மதிப்பில் பணமாகவோ தரலாம். 3,000க்குக் கீழே எதுவும் இல்லை.

எந்த வரம்பும் தன்னைச் சுற்றி ஒரு வழக்கத்தை உண்டாக்கும். ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் முதலில் உறவினர் பெயர்களில் ஐந்து பாகமாக எழுதி, ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகச் சில மனைகளாக்கினால் ஒவ்வொரு கட்டமும் விதிக்குள் அடங்கிவிடும். மொத்தத்தில் நாற்பது மனை நிற்கும், பூங்கா இராது, தெரு வளைந்து முட்டுச்சந்தில் முடியும். கலிஃபோர்னியாவிலும் இதே ஓட்டை இருந்தது. ஐந்து துண்டோ அதற்கு மேலோ ஆனால் கடுமையான நடைமுறை என்பதால் நான்கு நான்காகப் பிரித்தார்கள். அதே ஆள் முன்பு செய்த பிரிவினையையும் சேர்த்து எண்ணுவது அங்கே பொதுவாக எடுக்கப்படும் நிவாரணம். தாய் நிலத்தின் கணக்கைப் பிரிவினை தோறும் கூடவே கொண்டுபோகும் முறை நமக்கும் தேவை. புல எண்ணில் ஏறும் எழுத்துகளே அந்தக் கணக்கைச் சுமந்திருக்கும்போது இது ஆகாத காரியமல்ல.

அனுமதியில்லாத மனைகள் பெருகியபோது 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவற்றின் பத்திரப்பதிவைத் தடுத்தது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல், இத்தகைய பதிவை மறுக்கச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. மாதக்கணக்கில் மனை வணிகம் முடங்கியது. மகளின் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ மனையை விற்க நினைத்தவர்கள் திண்டாடினார்கள். 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. முன்பே மனையாகப் பதிவானவை கட்டணம் கட்டி ஒழுங்குபட வழி கிடைத்தது. முன்பு பதிவானதை மீண்டும் பதியலாம் என்ற விலக்கு 22-ஏ பிரிவிலேயே உண்டு. இந்த விலக்கு மனிதாபிமானமானது. எனினும் தவறாகப் பிரித்து விற்றவர் பணத்தோடு போய்விட, வாங்கியவர் கட்டணம் கட்டுகிறார். மகாராஷ்டிரத்திலும் தமிழ்நாட்டிலும் வரன்முறையின் சுமை விழுந்தது ஒரே இடத்தில்தான்.

நிலம் பிரியாது, உரிமை பிரியும்

நிலத்தில் கோடு போடாதே என்று சட்டம் சொல்லலாம். அப்போதும் இறந்தவரின் உரிமை பிள்ளைகளுக்குப் பிரிந்தே தீரும். இதன் கடைசி விளைவை அமெரிக்கப் பழங்குடியினர் நிலங்களில் காணலாம். 1887ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனியாருக்கு ஒதுக்கப்பட்ட நிலங்களை விற்கவும் முடியாது, எளிதில் பிரிக்கவும் முடியாது. வாரிசுகள் மட்டும் பெருகினார்கள். 1987இல் ஹோடல் எதிர் இர்விங் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு நிலத்தை உதாரணமாக எடுத்துக்காட்டியது. 40 ஏக்கர், 439 உரிமையாளர்கள், ஆண்டு வருமானம் 1,080 டாலர். மூன்றில் ஒரு பங்கினருக்கு ஆண்டுக்கு ஐந்து சென்ட்டுக்கும் குறைவு. இரண்டு சதவீதத்துக்கு மேற்படாத, மிகச்சிறு வருமானமுள்ள பங்குகளை இனக்குழுவுக்கே சேர்க்கும் 1983ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவை, ஈடு தராமல் சொத்தைப் பறிப்பதாகச் சொல்லி அதே தீர்ப்பு செல்லாதாக்கியது. திருத்தி எழுதிய பிரிவும் 1997இல் செல்லாமற்போனது. பின்னர் 190 கோடி டாலர் ஒதுக்கி, விருப்பமுள்ளவரிடம் விலைகொடுத்து வாங்கும் திட்டம் வந்தது. பறிக்கமுடியாததை வாங்கத்தான் வேண்டியிருந்தது.

நம் ஊர்க் கூட்டுப்பட்டாவும் இதே நோயின் தொடக்கநிலை. தாத்தா பெயரில் பட்டா. பேரப்பிள்ளைகள் பதினைந்து பேர். பாதிப் பேர் வெளியூரில். வாய்மொழியாகவோ கூர்சீட்டு எழுதியோ ஆளுக்கொரு துண்டு அனுபவிக்கிறார்கள். அளந்து உட்பிரிவு செய்யப்படவில்லை. வங்கிக் கடன் கேட்டால் எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும். புயல் நிவாரணம் பட்டாதாரர் பெயரைத் தேடும். பதிவேட்டில் நிலம் துண்டாகவில்லை என்பதால் உழுபவருக்கு ஒரு நன்மையும் இல்லை.

இந்தச் சிக்கலுக்குச் சட்டத்தில் சில நல்ல கருவிகள் ஏற்கெனவே உண்டு. 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம், பிரிக்க இயலாத சொத்தை விற்றுத் தொகையைப் பகிரவும், மற்றப் பங்காளிகள் மதிப்பிட்ட விலைக்கு வாங்கவும் நீதிமன்றத்துக்கு வழி தருகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, ஒரு வாரிசு தன் பங்கை விற்கும்போது உடன்வாரிசுகளுக்கு முன்னுரிமை தருகிறது. வேளாண் நிலத்துக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. யாழ்ப்பாணத்தில் 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் இதே முன்வாங்கும் உரிமை பங்காளிகளுக்கு இருந்தது. 1947இல் அதற்கென்றே தனிக் கட்டளைச் சட்டமும் வந்தது. ‘பரப்பு’ என்ற சிறு அலகில் காணி பிரிந்த மண்ணில், வெளியார் கைக்குப் போகுமுன் உறவுக்குள் சேர்க்க முயன்ற ஏற்பாடு அது. சீதனமாக ஒவ்வொரு மகளுக்கும் காணி எழுதும் வழக்கத்தின் முன் அது முழுவதும் வெல்லவில்லை. ஆனால் அது யாரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. நகரத்தில், தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு அடுக்குமாடி உடைமைச் சட்டம், பிரிபடாப் பாகம் வைத்திருப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் இசைந்தால் மறுகட்டுமானம் செய்யலாம் என்கிறது. நூறு பேரில் ஒருவர் மறுத்து எல்லாரையும் நிறுத்தும் நிலை அங்கே தளர்ந்திருக்கிறது.

இன்னும் தீராதவை

எல்லாத் தரப்பையும் வைத்துப் பார்க்கும்போது சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். அளவை மட்டும் வைத்துப் போடப்பட்ட தடை, நிலத்துக்குத் தேவை பெருகிய இடங்களில் நிற்கவில்லை. ஒரே வாரிசு முறை நின்ற இடங்களில் அதன் விலையை மற்ற பிள்ளைகள், பெரும்பாலும் பெண்கள், கொடுத்தார்கள். முன்வாங்கும் உரிமை நியாயமானது. ஆனால் வாங்கப் பணமுள்ளவருக்குத்தான் அது உரிமை. சகோதரியின் பங்கை வாங்கிச் சேர்க்க நினைக்கும் உழவருக்கு நீண்டகாலக் கடன் எளிதாகக் கிடைத்தால் இந்தப் பிரிவுகள் உயிர்பெறலாம். அப்படியொரு திட்டம் எந்த அளவில் பயன்தரும் என்பது செய்துபார்த்தால்தான் தெரியும்.

குத்தகை மூலம் சேர்ப்பது இன்னொரு வழி. உடைமை பிரிந்தே இருக்கட்டும், உழுவது ஒன்றாகட்டும் என்ற எண்ணத்தில் நீதி ஆயோக் 2016இல் மாதிரிக் குத்தகைச் சட்டம் ஒன்றை முன்வைத்தது. கொடுத்தவருக்கு நிலம் திரும்புமா, எடுத்தவருக்குப் பாதியில் பறிபோகாதா என்ற இரு பக்க அச்சமும் தீராதவரை அதன் பயனை இப்போதே கணிப்பது கடினம். தமிழ்நாட்டில் 1961இல் வந்து 1970இல் இறுகிய நில உச்சவரம்புச் சட்டத்துக்கு அஞ்சிப் பல குடும்பங்கள் காகிதத்தில் பாகம் பிரித்தன. நிலச் சட்டம் எதை எழுதினாலும் குடும்பங்கள் அதற்கேற்பத் தம் பதிவேட்டை மாற்றும் என்பதை அந்த வரலாறு காட்டுகிறது.

குறைந்தபட்ச அளவு எவ்வளவு என்ற பழைய வாதத்தில் இன்னும் பொழுது போக்காமல், பாதையும் பாசனமும் இல்லாத உட்பிரிவை ஏற்பதில்லை என்ற ஒரே நிபந்தனையை அரசு முதலில் வைக்கவேண்டும். வயலுக்கும் மனைக்கும் அது பொருந்தும். சட்டம் வரும்வரை குடும்பங்கள் காத்திருக்கத் தேவையில்லை. பாகம் எழுதும்போது நான்கெல்லையோடு வண்டிப்பாதையையும் வாய்க்காலையும் பத்திரத்தில் குறியுங்கள். உடனே அளந்து உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்குங்கள். நிலம் சிதறக்கூடாது என்று கருதினால், உடன்பிறந்தவளின் பங்குக்கு இன்றைய விலையைக் கொடுத்து அவளிடம் விடுதலைப் பத்திரம் கேளுங்கள்.